வேட்டைப் பை தைத்த சைவ மாஸ்டர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு லோகநாதன் மாஸ்டரின் மனைவி தனலட்சுமி அம்மா எனக்குப் போன் செய்தார். "ஸ்டெல்லா, போயிட்டாருமா. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றார். தொழிற்சாலை மேலாளரிடம் போய்ச் சொன்னேன். இப்போது சொன்னால் வேலை கெட்டுவிடும், ஷிப்ட் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றார். நான் கேட்கவில்லை. நேராகத் தையல் வரிசைக்குப் போய்ச் சொன்னேன். இருபத்துநான்கு மிஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அன்று மீதிப் பொழுதில் ஒரு பைகூட முடியவில்லை. மேலாளர் என்மேல் கோபித்துக்கொண்டார். சாயங்காலம் அவரே பெரிய மாலையோடு பிள்ளையார்பாளையத்தில் மாஸ்டர் வீட்டுக்கு வந்து நின்றார்.

படத்திறப்பன்று கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னது, நம் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த நீங்கள்தான். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை நான் என்ன எழுதிவிடப் போகிறேன்? ஒரே ஒரு விஷயம் மட்டும் உங்களில் பலருக்குத் தெரியாது. அதில் தப்பு என்னுடையது என்பதால் இத்தனை நாள் வெளியில் சொல்லாமல் இருந்தேன்.

மாஸ்டர் பட்டு நெசவுக் குடும்பம். தம்பி இன்றும் தறியில்தான் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். அண்ணன்காரர் மட்டும் முப்பது வயதில் பை தைக்க வந்துவிட்டார். தறியில் என்ன கஷ்டம் என்று கேட்டால், "கஷ்டம் ஒண்ணும் இல்லமா. பை புடிச்சிப் போச்சு, அவ்ளோதான்" என்பார். உண்மையிலேயே அவருக்குப் பைப் பைத்தியம். ஒருமுறை ஷேர் ஆட்டோவில் எதிரில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணின் முதுகுப் பையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பெண் முறைத்தாள். இவரோ, "தப்பா நெனைக்காதமா, வார ரெண்டு விரல் இழுத்து உடு. பை தோள்ல தொங்கக் கூடாது, முதுகோட ஒட்டணும்" என்றார். இறங்கும்போது அந்தப் பெண் வாரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமா அங்கிள், லேசா இருக்குது" என்றாள். அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

அவர் வேலை செய்த சாம்பிள் ரூமில்தான் எந்தப் பையும் முதலில் உருவாகும். வெளிநாட்டுக்காரர் கேட்பதை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் எழுதி அவரிடம் கொடுப்பது என் வேலை. அவர் அதைப் பார்த்து ஒரு பை தைப்பார். அது பிடித்தால் ஆர்டர் வரும்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு குளிர் நாட்டிலிருந்து ஒருவர் புதுவிதப் பை கேட்டார். அவர் ஊரில் சீசன் வந்தால் அனுமதி வாங்கி மான் வேட்டைக்குப் போவார்கள். காலையில் போய் சாயங்காலம் திரும்புவார்கள். போகும்போது பையில் தண்ணீர், சாப்பாடு, ஒரு கோட்டு, கத்தி, அவ்வளவுதான் இருக்கும். மான் கிடைத்துவிட்டால் அதே பையில் முப்பது கிலோ கறியை முதுகில் சுமந்து காட்டை விட்டு வெளியே வர வேண்டும். காலையில் கையடக்கமாகவும் மாலையில் மூட்டை தூக்கவும் ஆகிற ஒரே பை வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

இதை நான் தமிழில் எப்படி எழுதினேன் தெரியுமா? "மலை ஏறுபவர்களுக்கான ஒரு நாள் பை. முப்பது கிலோ சுமை தாங்க வேண்டும்." வேட்டை என்றும் எழுதவில்லை, கறி என்றும் எழுதவில்லை. மாஸ்டர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவர். நான் ஐயம்பேட்டைப் பக்கம் காலனியில், கறியும் கருவாடும் புழங்குகிற வீட்டில் பிறந்தவள். அதுவரை பதினோரு வருஷம் ஒரே கேன்டீனில் சாப்பிட்டிருந்தோம். ஆனால் என் டப்பாவுக்கும் அவர் டப்பாவுக்கும் நடுவில் எப்போதும் ஒரு மேசை இருந்தது. அந்த மேசையைப் போட்டது அவர் இல்லை, நான்தான். அவர் மனம் கோணிவிடுமோ என்று நானே தள்ளி உட்கார்ந்துகொள்வேன். அதே பழக்கம் பேனாவிலும் வந்துவிட்டது.

மாஸ்டர் அழகான பை ஒன்று தைத்தார். முப்பது கிலோ மணலைக் கட்டி உள்ளே போட்டு, தொழிற்சாலையை நாலு சுற்றுச் சுற்றி வந்தார். பை அசையவில்லை. அனுப்பினோம். "கல் சுமக்க அருமையான பை. நான் கல்லை வேட்டையாடுவதில்லை" என்று பதில் வந்தது. இரண்டாவது பையில் தையலை இரட்டிப்பாக்கினார், அடிப்பக்கம் தடித்த துணி வைத்தார். அதற்கும், முதுகை விட்டு விலகித் தோளைப் பின்னால் இழுக்கிறது என்று எழுதிவிட்டார். மூன்றாவது சரியில்லை என்றால் வேறு நாட்டில் பார்த்துக்கொள்வதாகவும் அதில் இருந்தது. இந்த ஆர்டரை நம்பித்தான் புதிதாக இருபத்துநான்கு பெண்களை வேலைக்கு எடுத்திருந்தோம். ஆர்டர் போனால் அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். உங்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் இருந்தீர்கள். உங்கள் முகங்களைப் பார்க்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் சாம்பிள் ரூமுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "மாஸ்டர், அது மலை ஏறறவங்க பை இல்ல. வேட்டைக்குப் போறவங்க பை. மான் கறியத்தான் அதுல தூக்கிக்கினு வருவாங்க."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ரெண்டு மாசமா கறின்னு ஒரு வார்த்த எழுத உனுக்கு கை வரலயா?"

"நீங்க சைவம். விரதம் வேற இருக்கறீங்க. மனசு கஷ்டப்படுமேன்னு..."

"நான் சைவம்மா. என் மிஷினு சைவமா?" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "இன்னா தூக்கப் போறாங்கன்னு தெரியாம பை தெக்கறது, ஆளப் பாக்காம ஜாக்கெட்டு தெக்கற மாதிரி. எனக்கு வருத்தம் கறி இல்ல. எனக்கு எது தாங்கும், தாங்காதுன்னு நீயா முடிவு பண்ணிட்ட பாரு, அதான்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை தானாக என் மேசைக்கு வந்து, "உங்க ஊட்ல முப்பது கிலோ கறி எப்பமா வாங்குவீங்க?" என்று கேட்டார். எங்கள் நல்ல நேரம், அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். தெருவுக்கே விருந்து.

ஞாயிறு காலை குளித்து, விபூதி பூசி, நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்த இரண்டாவது பையை மாட்டிக்கொண்டு மார்க்கெட் பின்னால் உள்ள கறிக்கடைக்கு வந்துவிட்டார். கடைக்காரப் பாய் அவர் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இன்னா மாஸ்டர், வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார்.

"வழி கேக்கத்தான் வந்தேன் பாய். கறிய எப்டிக் கட்டறது, அது எப்டி நகரும், கொஞ்சம் சொல்லு."

பாய் உற்சாகமாகிவிட்டார். "பிளாஸ்டிக்ல கட்டாதீங்க மாஸ்டர், வேர்த்துப்பூடும். காடாத் துணியில போடுங்க, காத்து வாங்கும். ஆனா ஒண்ணு, கறி மணல் மாதிரி ஒரே எடத்துல நிக்காது. வழுக்கிக்கினே இருக்கும்." மாஸ்டர் அதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு முப்பது கிலோ ஆட்டுக்கறியைத் துணியில் கட்டிப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டார்.

ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் அவரோடு கோயிலில் உழவாரப் பணி செய்கிற ஒருவர் எதிரில் வந்தார். "இன்னா லோகு, காலங்காத்தால முதுகுல மூட்ட?"

நான் முந்திக்கொண்டு, "அரிசிண்ணா" என்றேன். பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள்.

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரிடம், "அரிசி இல்லபா. ஆட்டுக்கறி. முப்பது கிலோ. பை சரியா இருக்குதான்னு பாக்கறேன்" என்றார். அந்த மனிதர் இரண்டடி பின்னால் போனார். அடுத்த வாரம் உழவாரப் பணிக்கு மாஸ்டரை யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரம் அவராகவே துடைப்பத்தோடு போய்ப் பெருக்க ஆரம்பித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டோவை விட்டு இறங்கி எங்கள் காலனிக்கு ஏரிக்கரை வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த நடையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. பத்தடிக்கு ஒருமுறை நின்று நோட்டில் எழுதுவார். பின்னால் ஊர் நாய்கள் அத்தனையும் ஊர்வலம். "கறி கீழ எறங்கிடுச்சு. இப்ப அடிப்பக்கம் தொப்ப போட்டுக்கினு பின்னால இழுக்குது" என்றார். பிறகு நிறுத்திப் பையைத் திறந்து பார்த்தார். கறியோடு வைத்திருந்த அவர் துண்டும் தண்ணீர் பாட்டிலும் ரத்தமாக இருந்தன. "அந்த வேட்டக்காரங்க சோத்துப் பொட்டலமும் இதுலதான இருக்கும்? பாவம்பா" என்றார். பாதி வழியில் பையை என் முதுகில் மாட்டினார். "நீயும் தூக்கு. என் முதுகுக்கு மட்டும் தெச்சா பத்தாது." நூறடி நடப்பதற்குள் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அந்த வெளிநாட்டுக்காரர் எழுதியதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டு வாசலில் அம்மா பதறிப்போனார். விபூதியோடு ஒருவர் கறியைச் சுமந்துகொண்டு வந்து நின்றால் யாருக்குத்தான் பதறாது? தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று என்னிடம் கண்ணால் கேட்டார். மாஸ்டர் புரிந்துகொண்டார். "தண்ணி குடுங்கமா, தொண்ட காஞ்சிப் போச்சு" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அம்மா புதுச்சட்டியில் ரசம் வைத்து, தனி அடுப்பில் சோறு வடித்தார். மாஸ்டர் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் பாயில் உட்கார்ந்தார். சுற்றிலும் எல்லோரும் பிரியாணி சாப்பிட, இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை கேன்டீனில் என் டப்பாவை அவர் மேசையில் வைத்தேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

மூன்றாவது பை நாலே நாளில் தயாரானது. முதுகில் படும் அலுமினியச் சட்டம் தனி, பை தனி. இரண்டுக்கும் நடுவில் விரித்து மடக்கும் ஒரு தட்டு வைத்தார். காலையில் தட்டு மடங்கிப் பை சட்டத்தோடு ஒட்டியிருக்கும். மாலையில் பையைத் தளர்த்தி, கறியைத் துணியில் கட்டித் தட்டின்மேல் உட்காரவைத்து, குறுக்கு வார்களால் இறுக்கினால் அது வழுக்காது. கனம் மேலேயும் முதுகை ஒட்டியும் நின்று இடுப்புப் பட்டைக்கு இறங்கும். சோற்றுப் பொட்டலம் வெளிப்பக்கம் சுத்தமாக இருக்கும். நடக்கும்போது சரசரக்காத துணியைக் காதருகே தேய்த்துத் தேய்த்துத் தேர்ந்தெடுத்தார். வேட்டைக்காரர் ஒரே வரியில் பதில் எழுதினார்: "இதை என்னிடமே வைத்துக்கொள்கிறேன், ஆர்டரை அனுப்புங்கள்." அதைப் படித்துக் காட்டியபோது வரிசையில் நீங்கள் போட்ட கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும்.

பிறகு யார் பை வாங்க ஆலோசனை கேட்டாலும் அவர் சொன்னது ஒன்றுதான். "கடையில காலியா மாட்டிப் பாத்து வாங்காதீங்கபா. போறப்ப எல்லாப் பையும் நல்ல பைதான். திரும்பி வர்ற கனத்த வெச்சிப் பாருங்க." தன் பெண்ணுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கப் போன நம் செக்யூரிட்டி, கடையில் இருந்த புத்தகங்களை எல்லாம் அள்ளிப் பையில் போட்டு ஏச்சு வாங்கியது இந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

ஆறு மாதத்துக்கு முன்பு அவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். வராந்தாவிலேயே தனலட்சுமி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரிப்போர்ட்டு இங்கிலீஷ்ல இருக்குது. உன்னத்தான் படிக்கச் சொல்லுவாரு. சாதாரண கட்டின்னு சொல்லிடுமா" என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன்.

மாஸ்டர் தலையணைக்கு அடியிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினார். "இதப் படி. நீ எழுதறாப்ல இல்ல. அவங்க எழுதனாப்ல."

வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். நான் முதல் வரியிலிருந்து படித்தேன். தெரியாத வார்த்தைகளைப் போனில் பார்த்துச் சொன்னேன். புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருக்கிறது என்பதையும், அறுவை சிகிச்சையால் பயனில்லை என்பதையும் சொன்னேன்.

"ஒண்ணும் உட்டுடலயே?" என்றார் மாஸ்டர் கடைசியில்.

"ஒண்ணும் உட்டுடல மாஸ்டர்."

"சரி. இப்ப கனம் தெரிஞ்சிச்சு. எப்டித் தூக்கறதுன்னு பாத்துக்கலாம்" என்றார். பிறகு மனைவியை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தனலட்சுமி அம்மா காபி கொடுத்துவிட்டு, "அன்னிக்கி உம்மேல அவ்ளோ ஆத்திரம் எனுக்கு. ஆனா அந்த ஆறு மாசம் ஒளிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாம ரெண்டு பேரும் ஒக்காந்து பேசனோம்மா. முப்பது வருஷத்துல அவ்ளோ பேசினதே இல்ல" என்றார். அவர் முகத்தில் அழுகை இல்லை.

மாஸ்டரிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான். ஒருவரால் எது தாங்க முடியும் என்று அவருக்குப் பதிலாக நான் இப்போது முடிவு செய்வதில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.