அயூப் பாயின் அமெரிக்க அலமாரி

குன்னூர் பஜாரில் குடை ரிப்பேர் கடைக்கும் கம்பளிக் கடைக்கும் நடுவே, நாலு ஆள் நின்றால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. அதன் முதலாளியும் சிப்பந்தியும் அயூப்தான். மார்கழிக் குளிரோ சித்திரை வெயிலோ, கழுத்தில் மஃப்ளர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மூக்கு எப்போதும் லேசாக ஒழுகும். அதற்கும் சேர்த்து மஃப்ளர்தான்.

கடையில் எந்தப் புத்தகத்துக்கும் முகம் கிடையாது. எல்லாவற்றுக்கும் காக்கித்தாள் அட்டை, முதுகில் ஒரு எண். மலைக்காட்டு ஈரத்தில் அட்டைப்படங்கள் பூசணம் பிடித்துவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எஸ்டேட் பெண்கள் என்ன படிக்கிறார்கள் என்று வீட்டில் யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. எந்த எண் எந்தக் கதை என்பது அயூப்புக்கு மட்டுமே தெரியும். "கிழவனக் கட்டிக்கிட்ட பொண்ணு கதை இருக்குங்களா பாய்?" என்றால் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கி, பஸ்ஸேறி, கீழ்க்கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போவார். அவருடைய நல்ல வாசகர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள்.

அமெரிக்கப் புத்தகங்கள் வந்தது ஒரு தவறினால். சென்னையில் விற்காமல் கிடந்த துப்பறியும் நாவல்கள் என்று நினைத்து ஒரு மூட்டையை மொத்தமாக வாங்கிவிட்டார். பிரித்தால், அமெரிக்கா தேசமாக ஆவதற்கு முன்னும் ஆன புதிதிலும் அந்த ஊர்க்காரர்கள் எழுதியவற்றின் தமிழாக்கங்கள். பிரசங்கங்கள், நாட்குறிப்புகள், காடு திருத்திய கதைகள். அவர் மனைவி ஜெய்புன்னிசா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கொலையே இல்லாத புக்க எவன் வாடகைக்கு எடுப்பான்?"

"கொலை இருக்குடி. மெதுவா வரும்."

எவரும் எடுக்காததால் அவரே படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு ஒன்று பிடிபட்டது. வந்து குடியேறிய அந்த ஆட்கள் முதலில் பாட்டெழுதியதெல்லாம் இங்கிலாந்தின் வானம்பாடியைப் பற்றி. அந்தப் பறவை அமெரிக்காவில் கூவியதே இல்லை. பிறகு ஒருவன், நம் ஆற்றைப் பற்றி எழுதுவோமே என்றான். இன்னொருவன் நம் காட்டை, நம் பேச்சை என்றான். அப்படி எழுதி எழுதித்தான் தாங்கள் தனி ஜனம் என்பதே அவர்களுக்கு உறைத்தது.

நாடு பிரிந்த வருஷம் கராச்சிக்குப் போவோமா என்று சித்தப்பா கேட்டபோது, "அங்க தேயிலை இருக்கா?" என்று கேட்டு முடித்துவைத்தவர் அயூப்பின் அத்தா. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சமாசாரம் வெறும் கதையாகப் படவில்லை. தோட்டத்தில் பெட்டியைத் திறந்து அதையே சொல்ல ஆரம்பித்தார். கேட்டவர்களின் பாட்டன்மாரும் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள்தானே. கொழுந்தெடுக்கும் பேச்சி மட்டும் ஒரு நாள் மடக்கினாள்.

"அது சரி பாய், இவுங்க போறதுக்கு முந்தி அந்தக் காட்டுல இருந்தவுங்க என்ன ஆனாங்க?"

அயூப் மஃப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அத இவுங்க நேர்மையா எழுதல பேச்சி."

"எழுத மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போனாள்.

இப்படித்தான் கடையில் ஒரு அலமாரிக்கு அமெரிக்க அலமாரி என்று பெயர் வந்தது. எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர் வரை அந்தப் பெயரால் ஒரு கெடுதலும் இல்லை.

பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. ஜன்னல்களுக்குக் கறுப்புத்தாள் ஒட்டினார்கள். அமெரிக்கக் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்கு வருகிறது என்று ரேடியோ சொன்ன மறுநாள், பச்சை இலை வாங்கி ஃபேக்டரிகளுக்கு அனுப்பும் ஏஜென்ட் வேலுமணி நான்கைந்து பேரோடு கடைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தம்பி பட்டாளத்தில், கிழக்கு எல்லையில் இருந்தான். மூன்று வாரமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

"நாளைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல அமெரிக்காக்காரன் சாமான எல்லாம் போட்டுக் கொளுத்தறோமுங்க. உங்க அலமாரியும் வரோணும்."

"வேலுமணி, அது எரநூறு வருஷத்துக்கு முந்தி எழுதுனது."

"எப்ப எழுதுனா என்னங்க? பேரு அமெரிக்காதானே? இந்த நேரத்துல நீங்க அத வச்சிருந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்."

அந்த 'நீங்க' எங்கே போய் விழுந்தது என்பது அயூப்புக்குப் புரிந்தது. கம்பளிக் கடைக்காரரும் அதே புத்தகங்களை வைத்திருந்தால் நாலு பேர் ஒரு விதமாகக்கூடப் பேசமாட்டார்கள். தந்தால், பயந்து தந்தான் என்று ஆகும். தராவிட்டால், பிறந்து வளர்ந்த பஜாரில் அந்நியன் என்று ஆகும்.

வீட்டில் ஜெய்புன்னிசா சோற்றைப் போட்டுக்கொண்டே வழி சொன்னாள்.

"எல்லாத்துக்கும் காக்கி அட்டதான போட்டிருக்கீங்க? கிழிஞ்ச நாவலா ஒரு கட்டுக் கட்டிக் குடுங்க. எரியறப்ப எது அமெரிக்கா எது மைலாப்பூர்னு யாருக்குத் தெரியும்?"

நல்ல யோசனைதான். அயூப் அதைப் பாதிச் சோறு வரை யோசித்தார்.

"தெரியாது. ஆனா தெரிஞ்சா, பாய் ஏமாத்திட்டாம்பாங்க. அந்தப் பேரு எம் புள்ளைங்க வரைக்கும் நிக்கும்."

"அப்ப நெசமானதையே குடுத்துத் தொலைங்களேன்."

"அதுவும் மனசு வரலடி."

"என்னதான் பண்ணப் போறீங்க?"

"மோர் இருந்தா ஊத்து."

மறுநாள் வேலுமணி ஆட்களோடு வந்தபோது கடைவாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சந்தைக்கு வந்த தோட்டத்து ஜனங்களும் நின்றார்கள். அவர்களில் பேச்சியும் இருந்தாள். அயூப் அமெரிக்கப் புத்தகங்களை ஒன்று விடாமல் எடுத்து வெளி ஸ்டூலில் அடுக்கினார். மேலிருந்த இரண்டு சரிந்து விழ, எடுத்து மறுபடி வைத்தார்.

"இவ்வளவுதான். ஒண்ணும் ஒளிச்சு வெக்கல. ஆனா என் கையால நெருப்புக்குத் தரமாட்டேன். ஒரு பக்கம் படிக்கறேன். கேட்டுட்டு, எடுத்துட்டுப் போறதுன்னா போங்க."

"படிங்க, படிங்க. ஸ்கூலுக்குப் போவாத குறைதான்" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

அவர் மனதில் ஒரு பக்கத்தைத் தேர்ந்து வைத்திருந்தார். நம்மை ஆண்ட அதே லண்டனை எதிர்த்து அவர்கள் எழும்பிய இடம். அதைக் கேட்டால் நம் ஜனம் உருகிவிடும் என்று நம்பினார். லண்டன் ராஜா தேயிலைக்கு வரி போட்ட கதையைத் தொண்டை கரகரக்கப் படித்தார். ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்ததை, ராத்திரியில் முகத்தில் கரி பூசிக்கொண்டு துறைமுகத்துக் கப்பலில் ஏறியதை, தேயிலைப் பெட்டிகளை உடைத்து அத்தனையையும் கடலில் கொட்டியதை, குரலை உயர்த்திப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

யாரும் உருகவில்லை.

"தேயிலையையா?" என்றாள் பேச்சி.

"ஆமா பேச்சி. வரி கட்டமாட்டோம்னு..."

"வரி போட்டவன் ராஜா. தேயிலை என்ன பண்ணுச்சு? பறிச்சவ கை என்ன ஆவறது? அட்டப்பூச்சிக் கடியில நின்னு கூடை கூடையா எடுத்தா, இவன் கடல்ல கொட்டுவானா?"

"அது சீனாவுல பறிச்சதுங்க" என்றார் அயூப், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"சீனாவுல மட்டும் காலாலயா பறிக்கறாங்க?"

கூட்டம் இப்போது நிஜமாகவே கொதித்தது, ஆனால் வேறு பக்கமாக. முழுப் பெட்டியா, அரைப் பெட்டியா என்று ஒரு ஃபேக்டரி ஆள் விசாரித்தார். உப்புத் தண்ணியில் விழுந்த தூளைக் காயவைத்தாலும் விலை போகாது என்றார் இன்னொருவர். வேலுமணிக்கே பொறுக்கவில்லை.

"வரி புடிக்கலைன்னா வாங்காம உடறது. சரக்கக் கொட்றதாங்க? கிறுக்கனுங்க."

"நீ மட்டும் என்னவாம்?" பேச்சி அவர் பக்கம் திரும்பினாள். "போன மாசம் எங்க கொழுந்து முத்தலுன்னு ரோட்டோரமா கொட்டச் சொன்னியே."

"அது வேற கதைக்கா..."

"அதேதான். உனக்குக் கப்பல் இல்ல, அவ்வளவுதான்."

வாசலே சிரித்தது. வேலுமணியோடு வந்தவர்களும் சிரித்தார்கள். பேச்சு இலை விலைக்கும் எடைக்கல்லுக்கும் தாவி, ஆளுக்கு ஆள் கத்தி, கோத்தகிரி பஸ் ஹாரன் அடித்ததும் பாதிக் கூட்டம் ஓடிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழிந்த அமெரிக்கக் கொடியையும் இரண்டு சோடா பாட்டில் பெட்டிகளையும் கொளுத்தியதாகப் பிறகு கேள்வி.

வேலுமணி மட்டும் ஸ்டூல் பக்கத்தில் நின்றார். புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"கடைசீல அந்தக் கொட்டுனவனுங்களப் புடிச்சாங்களா?"

"படிச்சாத்தான் தெரியும்."

"படிச்சுட்டு எரிச்சர்றேன்" என்று அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். அயூப் தடுக்கவில்லை. முதுகிலிருந்த எண்ணை மட்டும் மனதில் குறித்துக்கொண்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அலமாரி பிழைத்தது, ஆனால் சில பழைய வாடிக்கைக்காரர்கள் கடைக்கு எதிர்ப்புறமாகவே நடந்து போனார்கள். வழக்கமாக உள்ளே வந்து பேப்பர் படிக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் வாசலோடு தலையாட்டிவிட்டுப் போனார். மற்றவர்கள் போன முறை எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தர ஆள் அனுப்பினார்கள், தாங்கள் வரவில்லை. சண்டை முடிந்தது. வேலுமணியின் தம்பி உயிரோடு இருக்கும் செய்தியும் வந்தது. பொங்கலும் போயிற்று. அயூப் தினமும் கடையைத் திறந்து, துடைத்த அலமாரியையே துடைத்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் தான் இனி யார் என்ற கேள்வியை அவர் ஜெய்புன்னிசாவிடம்கூடக் கேட்கவில்லை. அவளும் கேட்காமலே கூடுதலாக ஒரு டம்ளர் டீ கொடுத்தனுப்பினாள்.

தை மாசக் கடைசியில் ஒரு காலை, கடை நிறைய ஆள் நிற்கும் நேரமாகப் பார்த்து வேலுமணி உள்ளே நுழைந்து புத்தகத்தை மேஜைமேல் போட்டார்.

"ஏனுங்க பாய், இதெல்லாம் ஒரு யாவாரமுங்களா?"

அயூப் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "என்னாச்சுங்க?"

"கடைசி ரெண்டு பக்கத்தக் காணோமுங்க! காக்கி அட்டையப் போட்டு ஓட்டப் புக்கெல்லாம் தள்ளி உடறீங்க. அவனுங்களப் புடிச்சாங்களா இல்லையான்னு தெரியாம ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல. வேற காப்பி இருந்தாக் குடுங்க. இதுக்கு வாடகை கேட்டீங்க, அப்புறம் பாருங்க!"

நின்றவர்களில் இருவர், தங்களுக்கும் போன மாதம் பக்கம் குறைந்த நாவல் வந்தது என்று சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேருமாகப் பழையபடி அயூப்பைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அவர் மஃப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகவே, மாற்றுப் புத்தகம் தேடினார்.