கீழ்வரி வரை படிப்பவன்

என் தம்பி ராய்டன் தன் வாழ்நாளில் ஒரு கண் பரிசோதனையிலும் தோற்றதில்லை. அவன் கண் போனதற்கு அதுதான் காரணம் என்று நான் சொன்னால் டாக்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நோய்தான் காரணம் என்பார்கள். சரி, நோய்தான். ஆனால் நோயோடு அவன் வீம்பும் கூட்டுச் சேர்ந்துகொண்டது. நோயை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன்.

எங்கள் அம்மா வழியில் வருவது அது. கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் விழித்திரை ஓரத்திலிருந்து உதிரத் தொடங்கி, நடுவை நோக்கி வந்துகொண்டே இருக்கும். பெண்கள் சுமப்போம், ஆண்களுக்கு வரும். அம்மாவின் தம்பிகள் இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டுவதற்குள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்கள். ராய்டன் பிறந்தபோது அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டாஸ்மேனியாவின் இந்த வடமேற்கு மூலையில் மழையைத் தவிர வேறு எதைப் பற்றியும் யாரும் குறை சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் நர்ஸ் வந்து பிள்ளைகளின் கண்ணைச் சோதித்தபோது, தனக்கு முன்னால் நின்றவன் படித்ததைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பித்தான் ராய்டன். லைசென்ஸ் வாங்கப் போனபோதும் அதே வேலைதான். இருட்டில் ஒரு கிடேரியை இடித்து, வண்டியை வாய்க்காலில் இறக்கிய பிறகுதான் ஓட்டுவதை விட்டான். அப்போதும், "கிடேரிக்குத்தான் கண்ணு தெரியலை" என்றான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி.

எங்கள் ஊர் ஸ்மித்டனில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் ஒன்று கால்பந்து ஆட வேண்டும், இல்லையென்றால் போட்டியில் கட்டை வெட்ட வேண்டும். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாதவன் கட்டைக்குப் போனான். படுக்க வைத்த கட்டையின் மேல் ஏறி நின்று, இரண்டு காலுக்கும் நடுவில் கோடாலியை இறக்க வேண்டும். அதற்குப் பக்கவாட்டில் எதையும் பார்க்க வேண்டியதில்லை, நடுவில் தெரிகிற ஒரு கையகலம் போதும். அந்தக் கையகலம் அவனுக்கு இருந்தது. பர்னியில் நடக்கும் புத்தாண்டுப் போட்டியில் இரண்டு முறை வெற்றிப் பட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பகலெல்லாம் எங்கள் பண்ணையில் மாடு கறப்பான். சாயங்காலமானால் கோடாலியைத் தீட்டுவான். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. அவனுக்கு அந்தக் கோடாலிதான் எல்லாம்.

"கண்ணு போனவன் கையில எவன் கோடாலி குடுப்பான், கோரல்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டான். அவன் மறைத்ததெல்லாம் அதற்காகத்தான்.

எங்களைப் போன்ற குடும்பங்களை மெல்போர்னைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள் பல வருடங்களாகத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். விழித்திரை எவ்வளவு வேகத்தில் உதிர்கிறது என்று தெரிந்தால்தான், பின்னால் மருந்து கொடுக்கும்போது அது நின்றதா இல்லையா என்று சொல்ல முடியுமாம். வருடத்துக்கு இரண்டு தடவை லான்செஸ்டனில் இருக்கும் கிளினிக்குக்கு அவனை நான்தான் கூட்டிப்போவேன். விழித்திரையைப் படம் எடுப்பார்கள். மினுக்கும் புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். கடைசியில் எழுத்து அட்டை. வெளியே வந்ததும் ராய்டன் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"கீழ்வரி வரைக்கும் படிச்சுட்டேன், கோரல்."

சொல்லிவிட்டு நேராகப் போய் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்வான். "ரொம்பச் சுத்தமா தொடச்சு வெச்சிருக்கானுங்க" என்பான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு மெல்போர்னில் ஒரு சோதனைச் சிகிச்சை தொடங்கியது. பழுதில்லாத மரபணுவை, பல் பிடுங்கிய ஒரு வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் ஊசியால் விடுவது. ஊசியே கண்ணைக் கெடுத்துவிடலாம் என்பதால், ஒரு அளவுக்குக் கீழே பார்வை இறங்கியவர்களை மட்டுமே எடுத்தார்கள். அடியோடு போனவர்களையும் எடுக்கவில்லை, ஏனென்றால் காப்பாற்ற அங்கே எதுவும் மிச்சமிருக்காது. ராய்டனை வேண்டாம் என்றார்கள். அவன் பார்வை இதற்குத் தேவையில்லாத அளவு நன்றாக இருக்கிறதாம்.

நான் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். அவன் மதுக்கடைக்குப் போய் எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தான். டாக்டரே சொல்லிவிட்டார், என் கண் ரொம்ப நன்றாக இருக்கிறதாம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வீட்டில் டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்த மனிதன் அவன்.

போன குளிர்காலத்தில்தான் விஷயம் பிடிபட்டது. பால் கறக்கும் கொட்டகையில் பம்பு சத்தத்துக்கு நடுவே அவன் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருடமாகக் கேட்டுப் பழகிய முணுமுணுப்புதான். அன்றைக்குப் பம்பு நின்றது, அவன் நிறுத்தவில்லை.

"டி, கே, ஆர், வி, ஹெச்." ஒரு மூச்சு. மறுபடியும் ஐந்து எழுத்து. ஒரு மூச்சு.

"என்னடா ஓதுற?" என்றேன்.

"மாட்டு நம்பர்."

"நம்ம மாட்டுக்குக் காதுல நம்பர்தானடா இருக்கு. எழுத்து எங்கேருந்து வந்துச்சு?"

கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. லான்செஸ்டனில் அறைக்கு வெளியே உட்கார்ந்து நான் கேட்ட அதே எழுத்துகள், அதே இடத்தில் அதே மூச்சு.

"எத்தனை அட்டை இருக்கு அங்க?"

"ரெண்டு. முதல் எழுத்து பெருசா இருக்கும். அது தெரிஞ்சா எந்த அட்டைன்னு தெரிஞ்சுடும். மிச்சம் தானா வரும்." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை இருந்தது. அடித்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

"மெல்போர்ன்ல உன்னை ஏன் வேணாம்னாங்கன்னு இப்ப புரியுதா?"

"அப்பவே புரிஞ்சுது."

"அப்புறம் எதுக்குடா ஊருக்கெல்லாம் பீர் வாங்கிக் குடுத்த?"

"கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் வாயால கேட்டது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா உனக்கு?" என்றான். கொஞ்சம் கழித்து, "நம்ம மாமாக்களுக்கு அத எவனும் சொன்னதில்லை" என்றான்.

இப்படிப் பேசுகிறவனிடம் என்னதான் சொல்வது? மெல்போர்னுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல் என்றேன். வரப்போகிற புத்தாண்டுப் போட்டி முடியட்டும் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு இன்னும் ஒரு பருக்கை வேண்டியிருந்தது.

அந்தப் போட்டியில், மூன்றாவது வீச்சில் அவன் கோடாலி கட்டையை விட்டுவிட்டு, கட்டையைத் தாங்கியிருந்த இரும்பில் இறங்கியது. பொறி பறந்தது. அவன் பாதத்துக்கும் கோடாலிக்கும் இடையில் விரல் நுழையாது. நடுவர் மேலே ஏறி, அவன் கையிலிருந்து கோடாலியை வாங்கி, பெட்டியில் வைத்து மூடினார். முப்பது வருடச் சிநேகிதர் அவர்.

வீட்டுக்கு வரும் வழியில் ராய்டன், "அந்த டாக்டரம்மாவுக்குப் போன் போடு" என்றான்.

மெல்போர்னில் அந்தச் சிகிச்சையை நடத்தும் டாக்டர் எலெனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டாவது குழுவுக்கு இன்னும் ஓரிரு இடங்கள் இருக்கின்றன, முதலில் வந்து மறுபடி ஒரு சோதனை செய்யட்டும் என்றார். எப்படியும் ராய்டனை நேரில் பார்க்கவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாராம். "உங்க தம்பி எங்களுக்கு ஒரு புதிர். படத்துல திரை உதிர்ந்திருக்கு, ஆனா எழுத்தெல்லாம் சரியா படிக்கிறாரு. மிச்சமிருக்குற செல்லு எப்படி இவ்வளவு வேலை செய்யுதுன்னு ரெண்டு பேர் இங்க இதையே ஆராய்ச்சி பண்றாங்க" என்றார். படித்த மனிதர்கள் இரண்டு பேர் என் தம்பியின் வாய்ப்பாட்டை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார்கள். போனில் இதை நான் சொல்லியிருக்கலாம். அவன் வாயால் வரட்டும் என்று விட்டேன்.

மெல்போர்ன் ஆஸ்பத்திரியில், காத்திருக்கும் இடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஜனைன், ஷெப்பர்டன் பக்கம் பழத்தோட்டக்காரி. அவளுடைய மகனை உள்ளே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது வயது. எங்கள் நோயேதான். ராய்டன் யாரென்று தெரியாமல் என்னோடு பேச ஆரம்பித்தாள்.

"இடம் குடுக்குறோம்ங்கறாங்க. ஆனா ஊசி போட்டா இருக்குறதும் போகலாமாம். அதான் நாங்க காத்திருந்து பாக்கலாம்னு இருக்கோம்."

"எதுக்குக் காத்திருக்கணும்?" என்றேன்.

"குடும்பங்களுக்கு ஒரு கூட்டம் போட்டாங்க இல்ல, அதுல டாக்டர் ஒரு படம் காட்டினாங்க. எல்லாரோட பார்வைக் கோடும் வருஷா வருஷம் சரிஞ்சு இறங்குது. ஒரே ஒரு கோடு மட்டும் நேரா போகுது. டாஸ்மேனியாக்காரராம். பேரு சொல்லலை. எந்த மருந்தும் இல்லாமயே அவருக்கு அப்படியே நின்னுருக்கு பாருங்க. என் பையனுக்கும் நிக்கலாம் இல்ல? தெனமும் அவர பத்தித்தான் அவன்கிட்ட பேசுறேன்."

ராய்டன் முழங்கால் மேல் கையை வைத்து அசையாமல் இருந்தான். அவன் காதுக்கு எதுவும் தப்பாது என்பது எனக்குத் தெரியும். அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

கதவு முழுசாக மூடவில்லை. சோதிக்கிற பையன் ஹமிஷ் விளக்கை அணைத்து அட்டையைப் போட்டான். லான்செஸ்டனில் போடும் அதே அட்டைதான்.

"டி" என்றான் ராய்டன்.

என்னையறியாமல் என் உதடு அடுத்த எழுத்தைச் சொல்லிவிட்டது. அத்தனை வருடம் வெளியே உட்கார்ந்ததில் எனக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. அவனிடமிருந்து சத்தமே வரவில்லை.

"அவசரம் இல்ல" என்றான் ஹமிஷ். "சரியா தெரியலைன்னா ஊகிச்சுச் சொல்லுங்க."

"ஊகிக்க வேணாம்பா. அங்க என்ன எழுத்து இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா கண்ணுக்குத் தெரியலை."

பிறகு டாக்டர் எலெனியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு திட்டையாவது எதிர்பார்த்தேன். "ஏன் ராய்டன்?" என்று மட்டும் கேட்டார்.

"பரீட்சைன்னா பாஸ் பண்ணணும்னு நெனச்சேன்."

"இது பரீட்சையே இல்லையே" என்றார் அவர். அழுகிற குரல்.

புது அட்டை போட்டுச் சோதித்தார்கள், புதிதாகப் படம் எடுத்தார்கள். நடுவில் கடுகளவு திரைதான் மிச்சம். ஊசி போட்டால் அதுவும் கிழியும், அதனால் இந்தத் தடவையும் இடமில்லை. மூன்று வருடம் முன்னால் உண்மையைச் சொல்லியிருந்தால் சரியான அளவில் இருந்திருப்பான் என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதை இனி எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

வெளியே வந்ததும் கிளம்பலாம் என்று அவன் தோளைத் தொட்டேன். அவன் ஜனைனின் குரல் வந்த பக்கம் திரும்பி நின்றான்.

"அம்மா, அந்த நேர்க்கோடு நான்தான்."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

"அது பொய்ம்மா. அட்டைய மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். என் கண்ணு எப்பவோ போயிடுச்சு. என்னைப் பாத்துக் காத்திருக்காதீங்க. பையனுக்கு இடம் குடுத்தா எடுத்துக்குங்க."

அவள் நன்றி சொல்லவில்லை. எழுந்து நின்றாள். "தெனமும் சொன்னேன்யா அவன்கிட்ட" என்றாள். "தூங்கப் போறதுக்கு முன்னாடி சொன்னேன். நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

பத்து வருடமாக நான் கேட்க நினைத்த அதே கேள்வி. ஆனால் அவள் கேட்டதும் எனக்குச் சுரீர் என்றது.

"போதும் நிறுத்தும்மா. அவன திட்டணும்னா நான் இருக்கேன்" என்றேன். "உன் பையன் கண்ணுக்காகத்தான் வாயத் தொறந்திருக்கான். எனக்காகக்கூட அவன் இத செஞ்சதில்லை."

அவள் பையை எடுத்துக்கொண்டு மகன் இருந்த அறைக்குப் போய்விட்டாள். அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்களா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாசலில் தூறல். மெல்போர்ன்காரர்கள் குடைக்குள் குனிந்துகொண்டு ஓடினார்கள். ராய்டன் நாலு அடி நடந்து, நின்றான்.

"கோரல், படி எங்க ஆரம்பிக்குது?"

ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகக் கேட்கிறான். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இதை இருபது வருடம் முன்னால் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினேன்.

அவன் பிடிக்கவில்லை. மழையில் அப்படியே நின்றான். இப்போதும் வீம்புதானா என்று பல்லைக் கடித்தேன். திட்டுவதற்கு வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது, நான் கையை நீட்டியதே அவனுக்குத் தெரியவில்லை.

"கை நீட்டியிருக்கேன்டா" என்றேன். "புடி."