சிங்கத்தின் சிவப்பு நகம்

தேர்தல் வந்தால் எங்கள் வீட்டில் எல்லாக் கட்சியும் ஒரே கூரையின் கீழ் கிடக்கும். அருப்புக்கோட்டையில் கொடி தைத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் காபி உண்டு. எங்கள் ஓட்டு யாருக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.

அப்படியிருந்த எங்களுக்கு முதன்முதலாக ஒரு வெளிநாட்டு ஆர்டர் நேரடியாக வந்தது. பெல்ஜியத்தின் வடக்குப் பகுதியில், டச்சு பேசும் ஃபிளெமிஷ் மக்களின் சின்ன நகராட்சி ஒன்று, ஜூலை பதினொன்றாம் தேதி வரும் தங்கள் திருநாளுக்குப் பருத்திக் கொடிகள் கேட்டிருந்தது. அதற்கு முன் வெளிநாடு போன எங்கள் துணியெல்லாம் ஏஜென்ட் பெயரில்தான் போயிருக்கிறது. இது எங்கள் பெயரில். "இது சொதப்புச்சுன்னா மறுபடி அந்த ஏஜென்ட்டுகிட்டதான் போயி நிக்கணும்" என்று என் வீட்டுக்காரர் ஓயாமல் பயமுறுத்திக்கொண்டிருந்தார்.

கொடி பார்க்க அழகு. மஞ்சள் துணியில் எழுந்து நிற்கும் கறுப்புச் சிங்கம். நகமும் நாக்கும் மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்புதான் வம்பை இழுத்தது. எங்களுக்கு அச்சுப் போட்டுத் தருகிறவர் படத்தைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார்.

"யக்கா, இத்தனூண்டு நகத்துக்கு இன்னொரு கலர் ஓட்டணுமா? துணி லேசா நகந்துச்சுன்னா செவப்பு வெளிய போயிரும். முழுக்கக் கறுப்பாவே அடிச்சிருவோம்."

வீட்டுக்காரரும் போனில் தேடி, முழுக் கறுப்புச் சிங்கத்தோடு ஒரு கூட்டமே ஊர்வலம் போகும் படத்தைக் காட்டினார். "பாரு, அவுகளே இதத்தான் பிடிச்சுக்கிட்டுப் போறாக."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊர்வலத்தில் போகிற கொடியும் அரசாங்கக் கட்டடத்தில் பறக்கிற கொடியும் ஒன்று என்று யார் சொன்னது? நம் ஊரில் கொடியில் ஒரு பட்டை கூடினால் கட்சியே வேறு. அதைத் தைத்தே சாப்பிடுகிற மனிதர் இப்படிப் பேசலாமா?

"கேட்டுட்டுத்தான் அடிக்கணும்" என்றேன்.

"கேட்டா, ஒண்ணுந் தெரியாத ஆளுகன்னு ஆர்டரத் திருப்பிக்கிட மாட்டாகளா?"

"தப்பா அடிச்சா மட்டும் மாலை போடுவாகளாக்கும்?"

ஆர்டர் தந்த நகராட்சி அலுவலகப் பெண்ணைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். நல்லவேளை கேட்டீர்கள் என்றார் அவர். பெல்ஜியத்துக்குள்ளேயே அவர்களுக்குத் தனி நாடாளுமன்றம், தனி அரசாங்கம் உண்டாம். பள்ளிக்கூடம், மொழி, பண்பாடு எல்லாம் அவர்கள் கையில். அந்த அரசாங்கத்தின் கொடியில்தான் நகம் சிவப்பு. இந்தத் தன்னாட்சி போதாது, பிரிந்தே போக வேண்டும் என்கிறவர்கள் பிடிப்பது முழுக் கறுப்பு. அதை நகராட்சியில் ஏற்றினால் கவுன்சிலில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்றார்.

போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். வீட்டுக்காரர் எழுந்து போய்ச் சிவப்புச் சாய டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

முதலில் அடித்த கொடிகளில் சிங்கம், மருதாணி காய்வதற்குள் கையை ஆட்டிவிட்டது போல இருந்தது. அச்சுக்காரர் அதற்குமேல் விடவில்லை. துணியை மேசையோடு ஒட்டி, அங்குலம் அங்குலமாகச் சரிபார்த்து அடித்தார். நகம் நகத்திலேயே உட்கார்ந்தது. அன்றைக்கு அவருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

திருநாளன்று அந்தப் பெண் வீடியோவில் கூப்பிட்டார். மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் போனைச் சூழ்ந்துகொண்டோம். வாத்தியம் முழங்க, நகராட்சி மாடத்தில் எங்கள் கொடி ஏறியது. காற்றில் அது விரிந்தபோது என்னை மறந்து கத்திவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

கீழே ஒருவர் நெற்றியில் கை வைத்துச் சிங்கத்தின் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தனிநாடு கேட்கும் கட்சியின் கவுன்சிலர் என்று அந்தப் பெண் கிசுகிசுத்தார். அந்தக் கவுன்சிலர் நேரே போனை நோக்கி வந்து ஏதோ கேட்டார். துணியும் அச்சும் பிரமாதமாம். தங்கள் கட்சிக்கு முழுக் கறுப்பில் தைத்துத் தர முடியுமா என்று கேட்கிறாராம்.

தாராளமாகத் தருகிறோம், ஆனால் நகராட்சிக் கொடியோடு ஒரே பெட்டியில் போட மாட்டோம் என்றேன். அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டாவது ஆர்டரும் எங்கள் பெயரிலேயே வந்தது.