சத்து மாத்திரை என்று சொன்னேன்

என் மகளுக்கு அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவள் நான்தான். சேர்க்கை சரியில்லை, பட்டணத்துக் காற்று பட்டுவிட்டது என்றெல்லாம் நீங்கள் காரணம் தேட வேண்டாம். நான்தான்... அவளைப் பெற்றவள்! இன்றுவரை அவளுக்கு இது தெரியாது.

எண்பதுகளில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் அலமாரிச் சாவி என் இடுப்பில். பழம் பறிக்கும் பெண்கள் வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவரும் பாட்டிலில் மருந்தோ மாத்திரையோ போட்டுக் கொடுப்பேன். பெயர் எழுதி ஒட்டுகிற வழக்கமில்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள். நர்ஸம்மா கொடுத்தால் சரி!

ஸ்டெல்லா பிளஸ் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள், அப்பா இல்லாத பிள்ளை. புத்தகத்தைத் தொட்டாலே கை நடுங்கும், சோறு இறங்காது. பதற்றத்துக்கு ஒரு மாத்திரை இருந்தது, டாக்டர் எழுதினால் மட்டுமே தர வேண்டியது. உண்மையைச் சொல்லிக் கொடுத்தால், எனக்கென்ன பைத்தியமா என்று விட்டெறிவாள். ரோஷக்காரி. ஆகவே சத்து மாத்திரை என்றேன்.

நன்றாகப் படித்தாள். எனக்கும் கர்வம்தான்... என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். தேர்வு முடிந்தது. நிறுத்தினேனா? ஒரு நாள் நிறுத்திப் பார்த்தேன். அவள் பட்ட பாட்டைத் தாங்க முடியாமல் மறுபடியும் கொடுத்தேன்.

அந்த ஜூன் மாதம், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்காகச் சர்ச்சில் ஜெபம் வைத்தார்கள். "போதை மருந்து, கெட்ட பழக்கம் பத்தியெல்லாம் நீங்களே நாலு வார்த்த சொல்லுங்க, நர்ஸம்மா" என்று போதகர் என்னை எழுப்பிவிட்டார். நானா! ஆனாலும் பேசினேன். கஞ்சா, சாராயம், சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரை... ஒன்றையும் விடவில்லை. "பேரு தெரியாத மாத்திரய யாரு குடுத்தாலும் தொடாதீங்க, சாமி" என்று முடித்தபோது என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. முன்வரிசையில் ஸ்டெல்லா பெருமையோடு தலையாட்டினாள்.

அன்றே சொல்லிவிட நினைத்தேன். மறுநாள் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் அவள் சேலம் பஸ் ஏறும்வரை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, என்ற சத்து மாத்திரய எடுத்து வெச்சீங்களா?"

"பொட்டிக்கு அடில இருக்குது, கண்ணு."

ஆமாம், டிசம்பர் வரைக்கும் வரும்படி ஒரு பாட்டில் நிறைய நானே வைத்திருந்தேன்! திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்பது எனக்குத் தெரியும். எப்படிக் குறைப்பது என்று டாக்டரைக் கேட்டிருக்கலாம். கேட்டால், மருந்து எங்கிருந்து வந்தது என்பார். வேலை போகும். அதைவிட, மகள் முகத்தில் எப்படி விழிப்பது? என்னையே காப்பாற்றிக்கொண்டேன். அதுதான் உண்மை.

ஆகஸ்டில் ஹாஸ்டலிலிருந்து கடிதம் வந்தது.

"பக்கத்து ரூம் புள்ள தூக்கத்துக்குன்னு ஒரு மாத்திர குடுத்துச்சுங்கம்மா. நீங்க சர்ச்சுல சொன்னது ஞாபகம் வந்துச்சு. எங்கம்மா குடுக்கறதத் தவிர எதையும் தொடமாட்டேன்னு சொல்லிப்போட்டேன்."

எத்தனை முறை படித்தேனோ... பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்தேன். டிசம்பர் லீவுக்கு வருவாள், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினேன்.

வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பையை வைத்த கையோடு அடுப்படிக்கு வந்து, கழுவித் துடைத்த காலிப் பாட்டிலை என்னிடம் நீட்டினாள், எஸ்டேட் பெண்களைப் போலவே.

"இப்ப ஒண்ணு பத்தறதில்லீங்கம்மா. நொம்ப வேண்டாம், கொஞ்சம் சேத்திப் போடுங்க."

சொல்வதற்கு வாயைத் திறந்தேன்... கடவுளே, திறந்தேன்! அவள் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பாட்டிலை வாங்கிக்கொண்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்தேன்.