தாசில்தார் நடக்கும் கரை

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு சகாயம்மாள் ஒரு நாற்பது பக்க நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நாயின் பின்னால் நடக்கத் தொடங்கினார். அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு தூரம் தாங்கும் என்று சனிக்கிழமைக்குள் எழுதி முடித்தாக வேண்டும். ஞாயிறன்று மகன் எல்வின் கார் எடுத்துக்கொண்டு வருகிறான். அம்மாவைத் தஞ்சாவூரில் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறான். அவன் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் நாய் வளர்க்கக் கூடாது.

நாயை இறால் பண்ணைக் காவல்காரன் செழியன் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தான்.

"சோறு போடறது பெரிசில்ல டீச்சர். எந்தப் பக்கம் நடக்கும், எவ்வளவு நடக்கும்னு எழுதிக் குடுத்துருங்க. அதுக்குக் கால் வேற சரியில்ல" என்றான்.

சகாயம்மாள் டீச்சர் இல்லை. வேதாரண்யம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்தொன்பது வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். அவர் கையால் முட்டை வாங்கித் தின்ற பிள்ளைகளுக்கு அவர் டீச்சர்தான். செழியனும் அவர்களில் ஒருவன்.

எழுதிக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. நாய் எங்கே நடக்கும் என்று அவருக்கே தெரியாது. அது கணவர் வேதநாயகத்துக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

வேதநாயகம் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தார். ஆறு கடலில் சேர்வதற்கு முன்னால் இருக்கும் இயக்கணையின் ஷட்டர்களை ஏற்றி இறக்குவதும், கடல் தண்ணீர் மேலே ஏறி வயலுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் விடிந்ததும் நாயோடு கரைக்குப் போய்விடுவார். இயக்கணை வரை போய்வர ஒரு மணி நேரம் போதும். அவர் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வருவார். "அப்படி எங்கதான் போறீங்க?" என்று கேட்டால், "தாசில்தாரைக் கேளு" என்பார். மாசி மாதம் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். இப்போது ஆவணி. உண்மையிலேயே தாசில்தாரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

தாசில்தார் என்பது அந்த நாய்தான். கஜா புயலுக்கு நாலாம் நாள் இயக்கணையின் தூண் ஓரத்தில் பின்கால் நசுங்கிக் கிடந்த குட்டி. கட்டுப் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்த வாரத்தில் அது நொண்டிக்கொண்டே தெருவிலிருந்த ஒவ்வொரு வாசலிலும் நின்று, கூரை போன வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தராமல் அடுத்த வாசலுக்குப் போனது. சேதம் பார்க்க வந்த தாசில்தாரும் அன்று அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். தெருவே சேர்ந்து வைத்த பெயர்.

முதல் நாள் நோட்டில் எழுதியது இது: "இடது கரை. மேடு பள்ளம் கிடையாது. வலது கரையில் சீமைக்கருவேல முள், போகக் கூடாது. படகில் மீன் இறக்கும் பக்கமும் வேண்டாம், அங்கே எட்டு நாய் இருக்கிறது. ஏழரைக்குள் திரும்பிவிட வேண்டும், மணல் சுடும்."

அதற்கு மேல் எழுத முடியவில்லை. புங்கமரத்தடியில் ஆற்றில் இறங்கும் நாலு படி இருக்கிறது. நாய் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. கூப்பிட்டால் காதை மட்டும் ஆட்டியது. சங்கிலியை இழுத்தால் இன்னும் அழுத்தி உட்கார்ந்தது. கால் வலிக்கிறதோ என்று தடவிப் பார்த்தார். வலித்த மாதிரித் தெரியவில்லை. அது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து, இவர் தேற மாட்டார் என்று முடிவு செய்ததுபோல் எழுந்து வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மேரி பிஸ்கட் கொண்டுபோனார். படியில் உட்கார்ந்து நாலு பிஸ்கட்டையும் தின்றது. எழவில்லை.

புதன்கிழமை அந்த வழியாகச் சைக்கிளில் வந்த செழியன் ஒரு காலை ஊன்றி நின்றான்.

"என்ன டீச்சர், ஆபீசர் மனு வாங்குறாரா?"

"கிண்டல் பண்ணாம சொல்லு. இங்க உக்காந்துகிட்டு அவுங்க என்ன செய்வாங்க?"

"ஐயாவா? தூரத்துல பாத்திருக்கேன். ஆத்துல மொகம் கழுவுவாரு போல. குனிஞ்சிருப்பாரு. பக்கத்துல போனா, போடா உன் வேலையப் பாத்துகிட்டுன்னு வெரட்டிருவாரு."

சகாயம்மாள் அன்றிரவு சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டில் குழாய் இருக்கிறது. முகம் கழுவ ஒரு மனிதர் ஆற்றுக்கு ஏன் போக வேண்டும்?

வியாழக்கிழமை புழுக்கம் அதிகம். படியில் இறங்கி முகம் கழுவிப் பார்த்தார். நாய் எழவில்லை. பிறகு வாய் கசகசவென்று இருக்கிறதே என்று ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்து, "தூ" என்று துப்பினார்.

நாய் சட்டென்று எழுந்தது. உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு கரையில் ஏறி நடந்தது.

சகாயம்மாள் ஈரக் கையோடு அதன் பின்னால் ஓடினார். இயக்கணைக்கு முன்னால், தண்ணீர் உயரம் அளக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அது மறுபடி உட்கார்ந்தது. இப்போது அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. வாயில் ஒன்றும் எடுக்காமல் சும்மா "தூ" என்று துப்பிப் பார்த்தார். நாய் அசையவில்லை. பல வருடம் அலுவலகம் பார்த்த முகத்தோடு அவரைப் பார்த்தது. சரி என்று குனிந்து, விரலால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். மண்வாசனை, வேறொன்றும் இல்லை. துப்பினார். எழுந்தது.

இயக்கணையைத் தாண்டிக் கீழ்ப்பக்கத்தில் மூன்றாவது இடம். அங்கே விரலை நாக்கில் வைத்ததும் முகம் சுருங்கியது. கரிப்பு. ஒரே ஆறு, நடுவில் நாலு இரும்புப் பலகை. அந்தப் பக்கம் நல்ல தண்ணீர், இந்தப் பக்கம் கடல்.

சகாயம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது வருடமும், பிள்ளைகள் தட்டில் விழுவதற்கு முன்னால் சாம்பாரை அவர்தான் முதலில் ருசி பார்ப்பார். அது விதி. வீட்டுக்கு வந்தால், குழம்பில் உப்பு சரியா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று இருக்கும். வேதநாயகம் எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிடுவார். உப்பு இல்லாமலே வைத்தும் இவர் சோதித்திருக்கிறார். "என்னங்க, ஒண்ணுமே தெரியலையா?" என்றால், "என் நாக்கு டியூட்டி முடிச்சு வந்துருச்சு சகாயம்" என்பார். முப்பத்திநாலு வருடம் அதை ஒரு சோம்பேறிப் பேச்சு என்றே இவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இதச் சொன்னா என்னவாம்?" என்று நாயிடம் கேட்டார். நாய் உப்பளம் தொடங்கும் நாலாவது இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தார். போய்வர இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சரிபார்த்தார். சனிக்கிழமை நோட்டைச் செழியனிடம் கொடுத்தார். அவன் பண்ணை வாசலில் நின்றபடி வாசித்தான். "உப்பளத்து வரப்பில் ஏற விடக் கூடாது, பாத்தியில் காலை வைத்தால் ஆட்கள் திட்டுவார்கள். திரும்பும்போது நல்ல தண்ணீரில் கால் கழுவ வேண்டும், விரல் இடுக்கில் உப்பு தங்கினால் நக்கி நக்கிப் புண்ணாக்கிவிடும்" என்பது வரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். பிறகு நிறுத்தினான்.

"நாலு எடத்துலயும் தண்ணிய வாயில வெக்கணுமா?"

"வெச்சுட்டுத் துப்பணும். இல்லன்னா எந்திரிக்காது."

"டீச்சர், நாலாவது எடம் எங்க பண்ணைத் தண்ணியத் தொறந்து வுடுற எடம். அதுல என்னென்ன கலக்குறோம்னு எனக்குத்தான் தெரியும். நீங்க வெச்சீங்களா?"

"ரெண்டு நாளா வெக்கிறேன்."

"அய்யய்யோ!"

"அதான் நாக்கு மரத்துப்போற மாதிரி இருந்துச்சு. இத்தன நாள் அவுங்ககிட்டயும் நீ சொல்லல பாரு. ஏன்டா, உனக்குப் போட்ட முட்டைய நான் மோந்து பாக்காமயா குடுத்தேன்?"

செழியன் தலையைச் சொறிந்தான். "நாய வெச்சுக்கறேன் டீச்சர், சத்தியமா. ஆனா இது என்னால ஆவாது. ரெண்டு நாள் நடக்காம உக்காந்துச்சுன்னா அப்புறம் தானா மறந்துரும்."

சகாயம்மாள் கையை நீட்டினார். அவன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். நாலாவது இடம் என்ற வரியை அங்கேயே அடித்துவிட்டு, "இங்கே பாட்டில் தண்ணீர்" என்று மேலே எழுதினார். நோட்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கே எல்வின் வந்துவிட்டான். அவன் எதிர்பார்த்த பெட்டி எதுவும் வாசலில் இல்லை. அம்மா கையில் நாய்ச்சங்கிலியோடு நின்றிருந்தார்.

"நாயக் குடுக்கலியாம்மா?"

"செருப்ப மாத்திகிட்டு வா. மாதா கோயில் பூசைக்கு நேரமிருக்கு."

வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். இரத்த அழுத்தம், தனியாக இருப்பது, அடுத்த புயல். புங்கமரத்தடியில் நாய் உட்கார்ந்தது. எல்வின் சங்கிலியை இழுத்தான்.

"கால் முடியலையா இதுக்கு?"

"கால் நல்லாத்தான் இருக்கு. எறங்கி, தண்ணிய நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் துப்பு."

"அம்மா!"

"உங்கப்பா தினம் செஞ்சாங்க. எனக்கே வியாழக்கெழமதான் தெரியும்."

எல்வின் அம்மாவைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். பேன்ட்டை மடித்துக்கொண்டு நாலு படி இறங்கினான். விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினான். நாய் எழுந்து உதறியது. அதன் வாலில் ஒட்டியிருந்த ஒரு நீர்த்துளி அவன் கண்ணாடியில் விழுந்தது. அதைத் துடைக்காமல் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"இது எத்தன நாளும்மா இப்படி?"

"அது நடக்குற வரைக்கும் நான் நடக்குறேன். அப்புறம் வந்து கூப்பிடு, வர்றேன்."

"அதுக்கு ஏழு வயசுதான் ஆவுது. இன்னும் அஞ்சாறு வருஷம் இருக்கும்."

"இருக்கட்டுமே."

எல்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். தாசில்தார் பத்தடி முன்னால் போய், திரும்பி நின்று பார்த்தது.

"அடுத்தது எந்த எடம்மா?" என்று கேட்டபடி அவன் கரையேறினான்.