குடியாதவன் ஈரல்

நுவரெலியாவில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு லிந்துலைக்குத் திரும்புகையில், பேருந்தில் அருகிருந்தவர் என்ன வருத்தமென்று வினவினார். ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றேன். கேட்டதற்கு உள்ளபடி விடை சொல்வது ஆசிரியத் தொழில் தந்த பழக்கம். மாலைக்குள் செய்தி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகள் அனைத்தையும் சுற்றி வந்துவிட்டது. இங்கே ஈரல் கெட்டவன் என்றால் சாராயம் குடித்தவன். வேறு காரணம் எவரும் அறியார்.

நான் மதுவைத் தொட்டதில்லை. மனைவி மறைந்து, மகளும் கொழும்பில் குடியேறிய பின், ஓய்வுபெற்ற நான் தனியே வாழ்கிறேன். அந்தத் தனிமையே எனக்கெதிரான சான்றாகிவிட்டது.

“தனியா குடிச்சா ஒடம்புக்கு ஆகாது மாஸ்டர். எங்கள ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?” என்று கடைவாசலில் ஒருவர் கேட்க, உடனிருந்தோர் சிரித்தனர். குடிப்பவர்கள் என்னை வரவேற்றார்கள், மற்றவர்கள் விலகினார்கள்.

அடுத்த வீட்டுப் பெண்மணி கொழுந்து பறிப்பவர். கணவரைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவர். மாலைதோறும் வேலியருகே நின்று என்னோடு சிறிது பேசுவார். ஒரு நாளில் எனக்கு வாய்த்த மனிதப் பேச்சு அவ்வளவே. அதுவும் நின்றது.

அவரை எண்ணித்தான் அஞ்சினேன். குடியாதவர்களுக்கும் இது வருமென்றும், சீனி வருத்தம் என்னும் நீரிழிவு உள்ளவர்களுக்கு எளிதில் வருமென்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். ஈரலில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு நெஞ்சுக்குச் செல்லும் குருதிக்குழாய்களும் பழுதாகக்கூடுமாம். அப்பெண்மணிக்குச் சீனி வருத்தம் நெடுங்காலமாக உண்டு. அண்மையில், கொழுந்தோடு மேடேறும்போது அவர் நின்று நின்று மூச்சு வாங்குவதைச் சன்னல்வழியே கண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறன்று நானே வேலியருகே சென்று அழைத்தேன்.

“தங்கச்சி, நீங்களும் ஒருக்கா ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்.”

“என்னத்துக்கு?”

“ஈரலுக்கு.”

“நல்லா இருக்கு கதை! நீங்க குடிச்சதுக்கு நான் ஸ்கேன் எடுக்கணுமா? காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிறப்ப பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா? புருசன் வச்ச போத்தல இவ எடுத்துட்டான்னு சொல்லுவாங்க.”

நான் குடிப்பதில்லை என்னும் வாதம் நாவுவரை வந்தது. அதைத் தொடங்கினால் பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும். அவரும் உள்ளே போய்விடுவார். விழுங்கிக்கொண்டேன்.

“மேட்டுல ஏறுறப்ப நெஞ்சு அடைக்குதா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “யாரு சொன்னா?”

“நான்தான் பாத்தேன். நெஞ்சுக்குன்னே சொல்லிட்டுப் போங்க. பொய்யில்ல, டாக்டரும் நெஞ்சுக்குப் போற குழாயத்தான் கவனிக்கச் சொன்னாரு. சீனி இருக்குன்னும் சொல்லுங்க. மத்தத அவங்க பாத்துக்குவாங்க.”

“நெஞ்சுக்குன்னா போறேன். அது எல்லாருக்கும் வர்றதுதானே.” வாசல்வரை நடந்தவர் திரும்பினார். “நாளைக்கு நான் போற பஸ்ல நீங்க வந்துறாதீங்க மாஸ்டர். சேந்து போனா, சேந்து குடிச்சோம்னு கதை கட்டிருவாங்க.”

மறுநாள் எனக்கும் அதே நுவரெலியா மருத்துவமனையில் மருந்து வாங்க வேண்டியிருந்தது. அவர் பேருந்தின் முன்வாசலால் ஏறிச் சன்னலோரம் அமர்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அப்பேருந்தைப் போகவிட்டு, அடுத்ததற்காக மூடுபனியில் நின்றுகொண்டிருந்தேன்.