சண்டை முடியட்டும் என்றார்கள்

2009ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் எனக்கு இரண்டு அலுவல்கள் இருந்தன. செவ்வாய் மாலைகளில் லூயிஷாமில் ஒரு வரலாற்று வகுப்பு. மற்ற நாட்களில் வேலை முடிந்ததும், ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு எதிரே எங்கள் சனம் நடத்திய போராட்டம். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் வாதாடப் பழகவேண்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தேன். பாடம் அமெரிக்க உள்நாட்டுப் போர்.

முதல் பாடத்திலேயே எனக்குக் கோபம் வந்தது. வடக்கு அரசு போருக்குப் போனது அடிமைகளை விடுவிக்க அல்ல, நாடு உடையாமல் காக்கத்தான் என்றார் ஆசிரியை. அடிமைகளை வைத்திருந்த சில மாநிலங்கள் வடக்கின் பக்கமே நின்றன. அவை கோபித்துக்கொள்ளும் என்று அரசு வாயை மூடிக்கொண்டிருந்ததாம். அந்த நேரத்தில் மூன்று அடிமைகள் படகு வலித்து வடக்குப் படையின் கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். தெற்கின் பக்கம் நின்ற உடைமைக்காரன் ஆள் அனுப்பித் திருப்பிக் கேட்டான். தளபதி கொடுக்க மறுத்தார். அவர்கள் மனிதர்கள் என்பதற்காக அல்ல. எதிரியிடமிருந்து போரில் கைப்பற்றிய பொருள் என்று காரணம் சொன்னார்.

“பொருளா?” என்று வாய்விட்டுக் கேட்டேன்.

பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற ஆங்கிலேயர் என்னைச் சமாதானப்படுத்தினார். எந்தப் பெயரில் என்றாலும் அவர்கள் தப்பினார்கள்தானே, போர்க்காலத்தில் முதலில் போரைத்தான் பார்ப்பார்கள் என்றார். ஆனால் அந்த மூவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான அடிமைகள் ஓடிவந்தார்கள் என்று ஆசிரியை தொடர்ந்தார். படைக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். விடுதலையைப் பற்றிப் பேசாமல் இருக்க அரசுக்கு ஏலாமல் போனது. ஓடிவந்தவர்களே அரசை இழுத்து வந்தார்கள் என்று எனக்குப் பட்டது.

இதைப் போராட்டத்தில் எனக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அண்ணையிடம் சொன்னேன். கிங்ஸ்பரியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். நாள்தோறும் தண்ணீர்ப் போத்தல்கள் கொண்டுவருவார். நான் மனைவி சமைத்த சோற்றுப் பார்சல்களைக் கொண்டுபோவேன். இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

“பாவங்கள். எங்கட சனத்தைப் போலத்தான்,” என்றார்.

“ஓம் அண்ணை. ஆனா எங்கட ஊரிலயும் அடிமையள் இருந்தவைதானே. வெள்ளைக்காரன் சட்டத்தால ஒழிச்ச பிறகும் என்ர அப்பாவைக் கிணத்தடிக்கு விடேல்லை. யாரும் வந்து தண்ணி அள்ளி வாக்கிற வரைக்கும் வாளியோட தள்ளி நிண்டவர்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீர் ஊரில எவடம்?”

சொன்னேன். எந்த ஒழுங்கை என்றும் கேட்டார். அதையும் சொன்னேன். எங்கள் ஊரில் எந்தச் சந்து என்று சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி.

“உதுகளை இப்ப ஏன் கதைக்கிறீர்? முதல்ல சண்டை முடியட்டும்.”

மறுநாள் நான் நீட்டிய பார்சலை அவர் வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். அடுத்த நாளும் வயிறு சரியில்லை. அவரோடு வழக்கமாக இருப்பவர்களுக்கும் ஒரேயடியாக வயிறு கெட்டுவிட்டது. அங்கே ஊரில் எல்லோர் தலையிலும் ஒரே குண்டு விழுந்துகொண்டிருந்தது. இங்கே நடைபாதையில் உட்கார்ந்து விடுதலை விடுதலை என்று தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு என் வீட்டுச் சோறு ஆகவில்லை.

பார்சல்களைத் திருப்பிக் கொண்டுபோனேன்.  மனைவி என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெரிய சட்டி நிறையப் புளிச்சாதத்தோடு அவளே ரயிலேறி வந்தாள். அண்ணைக்கு முன்னால் சட்டியைத் திறந்து வைத்தாள்.

“இது எங்கட வீட்டுச் சோறு. நாங்கள் ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே? விருப்பமானவை சாப்பிடுங்கோ.”

அண்ணை எழுந்து போய்விட்டார். பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. “அன்ரி, கொஞ்சம் கூடப் போடுங்கோ,” என்று ஒருத்தி கேட்டாள். மனைவி இன்னொரு அகப்பை அள்ளிப் போட்டாள்.

மே மாதம் ஊரில் எல்லாம் முடிந்தது. பாராளுமன்றச் சதுக்கத்தில் விழுந்து அழுதவர்களோடு நாங்களும் அழுதோம். சில வாரங்களுக்குப் பிறகு நான் அவர்களிடம் சாதிப் பேச்சை மறுபடி எடுத்தபோது, செத்தவீட்டில் கதைக்கிற கதையா இது என்றார்கள். சண்டை நடந்தால் அதற்கு நேரமில்லை. முடிந்தாலும் நேரமில்லை.

கடைசி வகுப்பில் ஆசிரியை அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வந்தார். போர்த் தேவைக்காகக் கொடுத்த விடுதலையைப் போர் முடிந்ததும் பறித்துவிடலாம் என்ற பயம் அங்கே இருந்தது. அதனால் துப்பாக்கிச் சத்தம் ஓயும் முன்னரே திருத்தத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிவிட்டார்கள். நான் கையுயர்த்தி என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஆங்கிலம் தடுக்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

தண்ணீர் தர மறுத்தது உங்கள் அரசாங்கமா என்று அந்த ஆங்கிலேயர் கேட்டார்.

“இல்லை,” என்றேன். “பக்கத்து வீட்டுக்காரர்.”

 ஆசிரியை என்னை மேலே பேசச் சொன்னார். காவலாளி கதவைப் பூட்ட வரும்வரை பேசினேன்.